கரண்ட் போன நேரம்

ஏகாம்பரகுப்பத்தில்
பாட்டைப் பதிவு செய்ய ஒரு நேரம்தான் உண்டு.
கரண்ட் போகிற நேரம்.
மற்ற நேரமெல்லாம் சுவர் நடுங்கும்,
டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாய் விரியும்.
தெருவுக்கு நாற்பது தறி.

சொல்லாமல் கொள்ளாமல் கரண்டைப் பிடுங்குகிறவர்களைக் கேட்டு
ஒரு பாட்டு கட்டியிருந்தோம்.
அதைப் பாட
அவர்கள் பிடுங்கும் வரை காத்திருந்தோம்.

செவ்வாய் மதியம் இரண்டு பத்துக்குப் போயிற்று.
நாடா பாதி வழியில் நின்றது நின்றபடி
செருப்பைக்கூடத் தேடாமல்
சரோஜா டாக்கீஸுக்கு ஓடினோம்.
நான், தணிகாசலம், மஸ்தானம்மா,
காலை பஸ்ஸிலேயே புத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த நாகபூஷணம்,
இடுப்பில் குழந்தையோடு ஹேமாவதி,
கடைசியாய் மூச்சு வாங்க ரெட்டெம்மா.

டாக்கீஸில் நாற்காலி கிடையாது.
கல்யாண மண்டபத்துக்கு விற்றாயிற்று.
தரையில் வரிசை வரிசையாய் போல்ட்டு மட்டும்,
யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனது போல.
திரை இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவர்.
மேலே வௌவால் வாடை.
பெஞ்சு டிக்கெட் மூலையில்தான் எதிரொலி குறைவு என்று
அரக்கோணத்து ஜெபநேசன்
கைதட்டித் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தான்.
பேட்டரியில் ஓடுகிற சின்ன மிஷின்.
ஸ்வெட்டர் போட்ட மைக்கு.

‘மெதுவாப் பாடுங்க’ என்றான்.
எங்களுக்கு அது வராது.
பதினெட்டு வருஷம் தறிக்கு மேலே பேசிய தொண்டை.
சம்பந்தி வீட்டுப் பந்தியில் நான் உப்புக் கேட்டதை
சண்டை என்று நினைத்து எழுந்துவிட்டார்கள்.
முதல் தடவை முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.
இரண்டாம் தடவை குழந்தை.
மூன்றாம் தடவை நாகபூஷணம் தாளத்தை விட்டுவிட்டு
விட்டது தணிகாசலம் என்று சாதித்தார்.

நான்காவதில் ஜெபநேசனே கையைத் தூக்கினான்.
‘எல்லா வரியும் ஜோரா இருக்கு.
இது ஒண்ணு மட்டும் ஏன் அழுது வடியுது?
மனம் அடகுதான், மனம் அடகுதான்னு
போராட்டப் பாட்டுல யாராவது பாடுவாங்களா?’

ரெட்டெம்மாவுக்கு விளங்கவில்லை.
அவள் பாடியது தெலுங்கு.
மனம் அடுகுதாம்.
நாம் கேட்போம்.

சிரிப்பு அடங்க எட்டு நிமிஷம்.
கரண்ட் இல்லாத நேரத்தில்
எட்டு நிமிஷம் பெரிய காசு.
மஸ்தானம்மா மட்டும் சிரிக்கவில்லை.
அவள் கம்மல் மூன்று மாதமாய்ச் சேட்டுக் கடையில்.
‘அந்தப் பையன் காதுல விழுந்ததும் தப்பில்ல’ என்றாள்.
‘ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்.’

அதற்குப் பிறகு அந்த வரி வந்தால்
எல்லாருக்கும் குரல் தானாய் இறங்கியது.
முள் சிவப்பின் பக்கம் போகவில்லை.
ஜெபநேசன் கண்ணை மூடிக்கொண்டான்.
கடைசிச் சரணம் பாக்கி. நாலே வரி.
மூச்சை இழுத்தோம்.

வெளியே எங்கோ ஒரு தறி
டக்.
பிறகு தெருவே.

‘இருங்க, இருங்க’ என்றான்.
எப்படி இருப்பது?
மீட்டருக்குத்தான் கூலி.
விளக்கு வைப்பதற்குள் பன்னிரண்டு மீட்டர்.
மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க
போல்ட்டில் கால் இடித்துக்கொண்டு ஓடினோம்.
போட்டுக் கேட்டால் இருக்கும்:
வெறுங்கால்கள், ஒரு குழந்தையின் விக்கல்,
‘அக்கா, வயரு வயரு’ என்று அவன் அலறியது.

இப்போது எதிர்த்தறியில் ரெட்டெம்மா.
நடுவே பாவு நூல், ஆயிரத்துச் சொச்சம்.
இங்கே பேச்சு என்றால் உதட்டைப் பார்ப்பது.
அவள் வாய் அசைகிறது.
மூடிய உதடு திறந்து
மறுபடி மூடுகிறது.
மனம்.
அவள் மொழியில் சொன்னாளா,
மஸ்தானம்மாவின் கம்மலைச் சொன்னாளா,
அடுத்த சொல் வந்தால் தெரிந்துவிடும்.

அதற்குள் என் தறியில் நூல் அறுந்தது.
குனிந்தேன்.